கபாகாவின் கூரையை வேய்பவர்கள்

உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில், மெங்கோ குன்றின் மேல் ஒரு ரவுண்டானா இருக்கிறது. வண்டிகள் சுற்றிச் செல்லும் அந்த வட்டத்தை நடுவில் பிளந்துகொண்டு ஒரு நேர்ப்பாதை போகிறது. அந்தப் பாதையைக் கதவு போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். புகாண்டாவின் மன்னரான கபாகா வரும்போது மட்டும்தான் கதவு திறக்கும். அமைச்சர், தூதர், போலீஸ் ஜீப், யாராக இருந்தாலும் வளைந்துதான் போக வேண்டும். மன்னர் எதையும் சுற்றிப் போவதில்லை என்பது அவர்கள் மரபு. போக்குவரத்துப் பொறியாளர் ஒருவர் இந்த மரபுக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை நிமித்தமாகக் கம்பாலாவில் தங்கியிருந்த காலத்தில் அந்த வழியாக அடிக்கடி போக நேர்ந்தது. சாலையின் ஒரு முனையில் புகாண்டாவின் சட்டமன்றக் கட்டடமான புலாங்கே, மறுமுனையில் லுபிரி என்கிற அரண்மனை வளாகம். இடைப்பட்ட தூரம் முழுக்க இருபுறமும் குலச்சின்னங்களின் சிலைகள்: நுரையீரல் மீன், சிறுத்தை, எறும்புண்ணி, குரங்கு, வெட்டுக்கிளி. மன்னரின் சாலையில் மன்னர்களுக்குச் சிலை வரிசை வைக்காமல் மீனுக்கும் வெட்டுக்கிளிக்கும் வைத்திருக்கிறார்களே என்ற வியப்புதான் என்னை இந்த அரசர்களின் கதைக்குள் இழுத்தது.

இன்றைய நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். உகாண்டா ஒரு குடியரசு. அதன் தென்பகுதியில், விக்டோரியா ஏரியின் வடகரையில் இருப்பது புகாண்டா. பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த லுகாண்டா மொழி பேசும் இம்மக்கள் நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. கபாகாவுக்குப் படை கிடையாது, வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. 1995ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 246ஆம் பிரிவு, பாரம்பரியத் தலைவர்கள் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்கிறது. ஆனாலும் அவருக்கென்று ஒரு பிரதமர் உண்டு. கட்டிக்கிரோ என்பது அந்தப் பதவியின் பெயர். அமைச்சரவை உண்டு, வானொலி நிலையம் உண்டு, ஏராளமான நிலம் உண்டு. அவர் எதிரே வரும்போது, வங்கியில் உயர் பதவியில் இருப்பவரும் கோட்டும் டையுமாகத் தரையில் மண்டியிடுகிறார்.

இப்போதைய கபாகா இரண்டாம் முடேபி வரிசையில் 36ஆவது மன்னர். இந்த 36 என்ற எண்ணை எல்லோரும் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள். உண்மையில் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1862இல் இங்கே வந்த ஆங்கிலேயப் பயணி ஸ்பீக் கேட்டு எழுதிக்கொண்ட அரசர் பட்டியல் மிகக் குட்டையானது. 1875இல் வந்த இன்னொரு பயணி ஸ்டான்லி எழுதியது முப்பதைத் தாண்டுகிறது. இன்று புழங்கும் வரிசையை அச்சில் நிலைநிறுத்தியவர் 1889 முதல் 1926 வரை கட்டிக்கிரோவாக இருந்த அப்போலோ கக்வா. பின்னால் சொல்லப்போகும் உள்நாட்டுப் போரில் வென்ற ஆங்கிலிக்கக் கட்சியின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபைக்காரர்களின், தலைவர் அவர். பக்கத்து நாடான புன்யோரோ, தன் அரசர்களே பழைமையானவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பட்டியல் நீளமாக இருப்பதில் அவருக்கு ஒரு வழக்கறிஞனின் அக்கறை இருந்தது. அதற்காக முன்பாதியைக் கட்டுக்கதை என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கதைகளில் ஆண்டுகள் இல்லை. ஆனால் அரசு எப்படிக் கட்டப்பட்டது என்ற செய்தி இருக்கிறது.

வரிசையின் முதல் மன்னர் கிண்டு. வானுலகத் தலைவன் குலுவின் மகள் நாம்பியை மணந்து பூமிக்கு அழைத்து வந்தவர். கிளம்பும்போது கோழிக்குப் போட வேண்டிய கேழ்வரகை மறந்துவிட்டாள் நாம்பி. எடுக்கத் திரும்பியபோது அவள் அண்ணன் வாலும்பேயும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டான். வாலும்பே என்றால் சாவு. இது புகாண்டாவின் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அரசியல் படிப்பவனுக்கு இன்னொரு கிண்டு கதைதான் சுவையானது. அப்போது நாட்டை ஆண்டவன் பெம்பா, பாம்பு என்று பேரெடுத்த கொடியவன். எறும்புண்ணிக் குலத்தார் கிண்டுவோடு சேர்ந்து சதி செய்தார்கள். தூது போனது ஆமை. நாங்கள் இரவில் தலையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூங்குவோம், அதனால்தான் சாவதில்லை என்று ஆமை சொல்ல, பெம்பாவும் தன் தலையை வெட்டச் சொன்னானாம். அது நடந்ததாகச் சொல்லப்படும் இடம் புட்டோ குன்றின் மேல் உள்ள நக்காலாபி. கபாகாக்களின் முடிசூட்டு விழா இன்றும் அங்கேதான் நடக்கிறது. முதல் அரசனே குலங்களின் தயவால் அரசனானவன் என்பதைச் சடங்கு ஒவ்வொரு முறையும் நினைவூட்டிவிடுகிறது.

மூன்றாமவர் கிமேரா. புன்யோரோ மன்னனின் மனைவி வன்யானாவுக்கும் புகாண்டா இளவரசன் ஒருவனுக்கும் பிறந்தவர். குழந்தையைக் களிமண் குழியில் விட்டுவிட, குயவன் ஒருவன் எடுத்து வளர்த்தான். புன்யோரோக்காரர்கள் இதே கிமேராவைத் தங்கள் அரச வம்சத்தின் தம்பி என்கிறார்கள். இரண்டு நாடுகளும் ஒரே குழந்தைக்கு இரண்டு பிறப்புச் சான்றிதழ் வைத்துக்கொண்டு சண்டை போடுகின்றன. எட்டாவது கபாகா நகிபிங்கே அந்தச் சண்டையில்தான் செத்தார். கடைசிப் போரில் அவர் மனைவி நன்னோனோ நாணலைச் சீவிக் கூராக்கித் தர, அவர் அதையே ஈட்டியாக எறிந்தார் என்பது கதை. அவருக்குப் பின் நன்னோனோ நாட்டைப் பார்த்துக்கொண்டாள். அவள் வயிற்றில் இருந்த குழந்தை ஆணாகப் பிறந்திருந்தால் அரசு அதற்குப் போயிருக்கும். பிறந்தது பெண். பட்டியலில் நன்னோனோவுக்கு எண் கிடையாது. நாட்டை நடத்தியவளுக்கு எண் கொடுக்காத பட்டியலைப் பார்க்கும்போது எனக்குச் சற்று எரிச்சலாகவே இருக்கிறது. அடுத்து வந்த முலோண்டோ சிறு பையன். கூட்டத்துக்குத் தெரியட்டும் என்று அவனை உயர்த்தி உட்கார வைக்க ஓர் ஆசனம் செய்தார்கள். நமுலோண்டோ என்று அவன் பெயராலேயே வழங்கும் அதுதான் அரியணையாகிவிட்டது.

இனி குலங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த அரசின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 50க்கும் மேற்பட்ட குலங்கள். வழக்கமாக 52 என்பார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு சின்னம். அந்தச் சின்னத்தைக் குலத்தார் உண்ணக் கூடாது. குலத்துக்குள் திருமணம் இல்லை. தாயின் குலத்திலும் இல்லை. பிள்ளைகள் தந்தையின் குலத்தைச் சேர்ந்தவர்கள். ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டும் இதில் விலக்கு, அது அரச குடும்பம். அதற்கென்று தனிக் குலச்சின்னம் கிடையாது. கபாகா தன் தாயின் குலத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படுவார்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசன் எல்லாக் குலங்களிலும் பெண் எடுப்பான். எந்தக் குலத்துப் பெண்ணின் மகனும் அடுத்த அரசனாகலாம். இன்று மீன் குலத்தின் அரசன், நாளை யானைக் குலத்தின் அரசன், அதற்கு மறுநாள் குரங்குக் குலத்தின் அரசன். இப்போதைய கபாகாவின் தாய் குரங்குக் குலத்தவர். ஒரே குலம் தலைமுறை தலைமுறையாக ஆட்சியைப் பிடித்துவைத்துக்கொள்ள வழியில்லை. தோற்ற குலத்துக்கும் அடுத்த முறை என்ற நம்பிக்கை இருப்பதால், அரசையே ஒழித்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அதோடு ஒவ்வொரு குலத்துக்கும் அரண்மனையில் ஒரு வேலை உண்டு. நுரையீரல் மீன் குலத்தின் தலைவர் கபுங்கா மன்னரின் படகுப் படைக்குத் தலைவர். நீர்நாய்க் குலத்தார் முடுபா மரத்தின் பட்டையை அடித்து மெலிதாக்கி அரச குடும்பத்துக்கு மரவுரி செய்பவர்கள். இந்தக் கலையை 2005இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. கொலோபஸ் குரங்குக் குலத்தார் அரசக் கல்லறையின் கூரையை வேய்பவர்கள். அதன் உள்ளே மரவுரியால் அலங்கரிக்கும் உரிமை சிறுத்தைக் குலத்துக்கு. அரச முரசுகளைப் பாதுகாக்க, அரண்மனை வாசலில் அணையாமல் எரியும் தீயைக் காக்க என்று தனித்தனி ஆட்கள். கபாகா இறந்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. தீ அணைந்துவிட்டது என்பார்கள், நிஜமாகவே அந்தத் தீயை அணைப்பார்கள். புதியவர் வந்ததும் மீண்டும் மூட்டுவார்கள்.

அரசன் என்ற பட்டத்தையும் ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தாய் நமசோலே, உடன் அமரும் சகோதரி லுபுகா, இருவருக்குமே கபாகா என்ற பட்டம் உண்டு. நமசோலேவுக்குத் தனி அரண்மனை, தனி நிலம், தனி கட்டிக்கிரோ. ஒரே குன்றில் இரண்டு அரசர்கள் இருக்க முடியாது என்பதால் தாய் வேறு குன்றில்தான் வாழ்வார். முதலாம் முடேசா 1856இல் பட்டத்துக்கு வந்ததற்கு அவர் தாய் முகன்சிர்வாசாவின் சாமர்த்தியம் முக்கியக் காரணம். அவர் சாகும்வரை மகனின் ஆட்சியில் அவருடைய நிழல் விழுந்துகொண்டே இருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு இது ஏதோ பழங்கால மக்களாட்சி என்று மயங்கிவிட வேண்டாம். இரத்தம் நிறையவே ஓடியிருக்கிறது. மூத்த மகனுக்குப் பட்டம் கிடையாது என்பது விதி. அவனுக்குக் கிவேவா என்று பட்டப்பெயர் தந்து ஒதுக்கிவிடுவார்கள். மற்ற இளவரசர்கள் கசுஜ்ஜு என்ற தலைவரின் காவலில் வளர்வார்கள். அவர்களில் யார் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யும்வரை எல்லோரும் எல்லோருக்கும் எதிரி. 18ஆம் நூற்றாண்டு முழுக்க அண்ணன் தம்பி கொலைகள்தான். பின்னால் வந்த செமகூக்கிரோ, தன்னைக் கவிழ்த்துவிடக்கூடும் என்று சொந்தப் பிள்ளைகளையே கொல்ல ஆரம்பித்தார். 20ஆவது கபாகா ககுலு தன்னை வணங்க வருபவர்கள் ஊசிகளின் மேல் மண்டியிட வேண்டும் என்றாராம். அவரைத் துரத்திப் பிடித்து ஏரியில் மூழ்கடித்தது அவருடைய சகோதரி நசோலோ. அரசனைச் சுமந்தவர்கள் இறக்கி வைக்கவும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

முதலாம் முடேசாவின் காலத்தில் வெளியுலகம் கதவைத் தட்டியது. அரபு வணிகர்கள் அவருடைய தந்தை சூனா காலத்திலேயே வந்துவிட்டார்கள். முடேசா பத்தாண்டுபோல ரமலான் நோன்பு இருந்தார். பிறகு 1876இல் தன்னைவிடத் தங்கள் மதமே பெரிது என்று நின்ற முஸ்லிம் அரண்மனைப் பணியாளர்களைக் கொன்றார். ஸ்டான்லி வழியாகக் கிறிஸ்தவப் போதகர்களுக்கு அழைப்பு விடுத்தார். 1877இல் ஆங்கிலிக்கர்கள், 1879இல் கத்தோலிக்கர்கள். வடக்கே எகிப்து நெருக்கிக்கொண்டிருந்தபோது துப்பாக்கிக்காக எல்லா மதத்தோடும் பேரம் பேசியவர் என்பது என் கணிப்பு. கடைசிவரை எதிலும் முழுதாகச் சேரவில்லை. 1884இல் அவர் இறந்தபோது மரபு ஒன்று மாறியது. அதுவரை மன்னரின் உடலை ஓரிடத்தில் புதைத்துவிட்டு, கீழ்த்தாடை எலும்பைப் பிரித்து அலங்கரித்துத் தனிக் கோவிலில் வைப்பார்கள். முடேசாவைத் தாடையோடு சேர்த்து, கசூபி குன்றில் 1882இல் அவர் கட்டிய அரண்மனைக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் மகன் முவாங்கா பட்டத்துக்கு வந்தபோது வயது 16. இவரைப் பற்றி நல்லதாக எழுதுவது கடினம். 1885இல் பிஷப் ஹானிங்டன் கிழக்கு வழியாக வந்தபோது கொல்லப்பட்டார். 1885க்கும் 1887க்கும் இடையில் அரண்மனையில் வேலை செய்த கிறிஸ்தவ இளைஞர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். 1886 ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் பலரை உயிரோடு எரித்தார்கள். திருச்சபைகள் 22 கத்தோலிக்கர், 23 ஆங்கிலிக்கர் என 45 பேரைக் கணக்கில் வைத்திருக்கின்றன. 1964இல் அந்தக் கத்தோலிக்கர்கள் புனிதர்களாக்கப்பட்டார்கள். ஜூன் 3 இன்று உகாண்டாவில் அரசு விடுமுறை. ஆனால் அதே முவாங்காதான் வெள்ளையருக்கு எதிராகக் கடைசியில் ஆயுதம் எடுத்தவர். ஒரே மனிதரைத் தேவாலயத்தில் கொடுங்கோலனாகவும் சுதந்திர நாளில் வீரனாகவும் நினைவுகூர வேண்டிய சங்கடம் அங்கே எல்லோருக்கும் இருக்கிறது. மெங்கோவுக்குக் கீழே அவர் மக்களை வைத்து வெட்டிய ஏரி இன்றும் இருக்கிறது. அதை விக்டோரியா ஏரியோடு இணைக்கும் கால்வாயும் அவர் திட்டத்தில் இருந்தது, முடியவில்லை.

1888இல் துப்பாக்கி பிடித்திருந்த இளைஞர் படைகள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அவரை விரட்டினார்கள். மரபை மீறி மூத்தவன் கிவேவாவை உட்கார வைத்தார்கள், சில வாரங்கள்தான். அடுத்து முஸ்லிம் கட்சியின் கலேமா. அவர் பயத்தில் அண்ணன் கிவேவா உட்படக் கையில் கிடைத்த இளவரசர், இளவரசியர்களைக் கொன்று தீர்த்தார். பிறகு கிறிஸ்தவர்கள் அதே முவாங்காவைத் திருப்பி அழைத்து வந்தார்கள். கொஞ்ச காலத்தில் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் தங்களுக்குள் மோதினார்கள். 1892இல் மெங்கோவில் நடந்த சண்டையில் பிரிட்டிஷ் கேப்டன் லுகார்ட் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியோடு ஆங்கிலிக்கர் பக்கம் நின்று முடிவைத் தீர்மானித்தார். 1894இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு நாடு. 1897இல் முவாங்கா கலகம் செய்து தோற்றார். 1899இல் பிடிபட்டார். அவரோடு சேர்ந்து பிடிபட்டவர் புன்யோரோவின் மன்னர் கபலேகா. தலைமுறைப் பகையாளிகள் இருவரையும் ஒரே சேஷெல்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். முவாங்கா 1903இல் அங்கேயே இறந்தார். 1910இல் உடல் திரும்பியது.

அரியணையில் அவருடைய மகன் டாவுடி சுவா. வயது ஒன்று. அவனுக்காக ஆட்சி செய்த மூன்று பேர்: கக்வா, முக்வான்யா, கிசிங்கிரி. 1900 மார்ச் 10 அன்று பிரிட்டிஷாரோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இவர்கள்தான். புகாண்டாவின் வரலாற்றில் எந்தப் போரைவிடவும் ஆழமாக வெட்டியது இந்தக் காகிதம் என்று நான் நினைக்கிறேன். அதுவரை நிலம் யாருடைய சொத்தும் இல்லை. முன்னோரைப் புதைத்த இடங்கள் குலங்களுக்கு, பதவியோடு வரும் நிலம் பதவியில் இருக்கும்வரை. ஒப்பந்தம் அத்தனையையும் சதுர மைல் கணக்கில் கூறு போட்டது. கபாகாவுக்கு 350 சதுர மைல், தரிசு நிலம் என்று சொல்லி 9,000 சதுர மைல் பிரிட்டிஷ் முடியாட்சிக்கு, மீதியில் பெரும்பகுதி தலைவர்களுக்குத் தனிச் சொத்தாக. சில ஆயிரம் பேர் ஒரே கையெழுத்தில் நிலச்சுவான்தார்களானார்கள். உழுதுகொண்டிருந்தவர்கள் எழுந்து பார்த்தபோது குத்தகைக்காரர்களாக இருந்தார்கள். குலத் தலைவர்கள் பலரின் மூதாதையர் கல்லறைகள் அந்நியரின் பட்டாவுக்குள் போயின. கையெழுத்துப் போட்டவர்களுக்கும் பெரிய பெரிய பங்கு கிடைத்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

அதனால்தான் 1920களில் குலத் தலைவர்கள் சங்கம் வைத்துக் கிளர்ந்தார்கள். டாவுடி சுவா அப்போது இளைஞர். அனுதாபம் அவர்கள் பக்கம். கக்வாவோ எதிர்ப்பக்கம். 1926இல் கக்வா பதவி விலகினார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் இறந்தார். நிலம் குலங்களுக்குத் திரும்பவில்லை. நில வாடகைக்கு வரம்பு கட்டும் ஒரு சட்டம் மட்டும் 1927இல் வந்தது. அரசர்களை வரிசைப்படுத்தி எழுதி வைத்த அதே கை, அந்த அரசர்களைத் தாங்கிய குலங்களின் காலடி நிலத்தைப் பிடுங்கிய காகிதத்திலும் கையெழுத்திட்டிருக்கிறது.

இரண்டாம் முடேசா 1939இல் 15 வயதில் பட்டத்துக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் படித்தவர், ஆங்கிலேயப் படைப்பிரிவில் கேப்டன் பட்டம் பெற்றவர். பிரிட்டிஷாருக்குத் தோதானவர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1941இல் அவருடைய தாய், விதவையாக இருந்த நமசோலே, சாதாரணக் குடிமகன் ஒருவரை மறுமணம் செய்துகொண்டார். நாடே கொந்தளித்தது. திருமணத்துக்குத் துணைபோன கட்டிக்கிரோ சிபிர்வா பதவி இழந்தார். ஒரு பெண் இரண்டாம் முறை தாலி கட்டிக்கொண்டால் அரசே ஆடிப்போகிற அளவுக்கு அந்தத் தாய்ப் பதவி அரசின் அஸ்திவாரத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு.

1953இல் லண்டனில் ஓர் அமைச்சர் கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு என்று வாய்விட்டார். கென்யாவின் வெள்ளைக் குடியேறிகளின் கீழ் தாங்களும் போய்விடுவோமோ என்று புகாண்டா பயந்தது. முடேசா தனி விடுதலை கேட்டார். ஆளுநர் ஆண்ட்ரூ கோஹன் பணியச் சொன்னார், முடேசா மறுத்தார். நவம்பர் 30 அன்று அவரை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவரை இளைஞர்கள் அவரை மேல்நாட்டு மோகக்காரர் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நாடு கடத்தியதும் ஒரே நாளில் தெய்வமாகிவிட்டார். ஆண்கள் துக்கத்துக்குத் தாடி வளர்த்தார்கள், மரவுரி உடுத்தினார்கள். பெண்கள் ஆளுநரைச் சந்தித்து முறையிட்டார்கள். வேறொருவரைக் கபாகாவாகத் தேர்ந்தெடுங்கள் என்ற பிரிட்டிஷ் யோசனைக்கு ஒருவரும் அசைந்துகொடுக்கவில்லை. 1955 அக்டோபர் 17 அன்று அவரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

1962இல் சுதந்திரம். 1963இல் முடேசா குடியரசின் தலைவருமானார், பிரதமர் மில்டன் ஒபோட்டே. ஒருவரே ஒரு நாட்டுக்குக் குடியரசுத் தலைவராகவும் அதன் ஒரு பகுதிக்கு மன்னராகவும் இருந்தால் என்ன ஆகும் என்பது 1964இல் தெரிந்தது. முன்பு புன்யோரோவிடமிருந்து பறித்து புகாண்டாவுக்குக் கொடுத்த இரண்டு மாவட்டங்கள் யாருக்கு என்று வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் புன்யோரோவுக்கே போனார்கள். இரண்டு வேடமும் போட்டிருந்தவருக்கு இரண்டிலும் அவமானம். 1966 மே 24 அன்று ஒபோட்டேயின் உத்தரவில், பின்னாளில் ஆட்சியைப் பிடித்த இடி அமீன் தலைமையிலான படை லுபிரியைத் தாக்கியது. கொட்டும் மழையில் முடேசா சுவரேறிக் குதித்து, வழியில் வந்த டாக்சியைப் பிடித்துத் தப்பினார். புருண்டி வழியாக லண்டன். 1969 நவம்பரில், 45ஆவது பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள், சிறிய வாடகை வீடொன்றில் இறந்தார். மது விஷமானது என்றது அதிகாரபூர்வ அறிக்கை. விஷம் வைத்தார்கள் என்று புகாண்டாவில் இன்றும் சொல்கிறார்கள்.

1967 அரசியலமைப்பு முடியாட்சிகளை ஒழித்தது. 1993 வரை, கால் நூற்றாண்டுக்கும் மேல், கபாகா இல்லை. லுபிரி ராணுவ முகாமானது; அமீன் காலத்தில் அதன் நிலவறையில் மனிதர்களை அடைத்துக் கொன்றார்கள். இந்த இடைவெளிதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அரசன் இல்லை, அரண்மனை இல்லை, சட்டத்தில் இடமும் இல்லை. இருந்தும் அரசு சாகவில்லை. குலக் கூட்டங்கள் நடந்தன. இறந்தவர்களுக்கு வாரிசு நியமிக்கும் சடங்குகள் நடந்தன. கசூபியில் கூரை வேய்ந்துகொண்டே இருந்தார்கள். 1971இல் அமீன் அரசியல் ஆதாயத்துக்காக முடேசாவின் உடலைக் கொண்டுவரச் செய்தபோது, 15 வயது மகன் முடேபி மரவுரி போர்த்தி வாரிசுச் சடங்கைச் செய்தான். அவனுக்கு அரசன் என்ற பெயர் கொடுக்கவில்லை; குலத் தலைவர்களின் தலைவன் என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள். அந்தப் பட்டத்தை ஒழிக்க எந்தச் சட்டத்தாலும் முடியவில்லை. கபாகாவிடம் மட்டுமே எல்லாம் இருந்திருந்தால் 1966 அன்றே கதை முடிந்திருக்கும்.

குடியரசுத் தலைவர் முசெவேனியின் அரசு 1993இல் முடியாட்சிகளைத் திரும்ப அனுமதித்தது. ஜூலை 31 அன்று நக்காலாபியில் முடேபி மரவுரியும் விலங்குத் தோலும் போர்த்தி முரசு அறைந்தார். அதன் பிறகு எல்லாம் சுமுகம் என்று சொல்ல முடியாது. 2009 செப்டம்பரில் புகாண்டாவின் ஒரு மாவட்டமான கயுங்காவுக்கு அவர் போவதை அரசு தடுத்தபோது கம்பாலா பற்றியெரிந்தது. அடுத்த மார்ச் 16 இரவு கசூபியே எரிந்தது. 31 மீட்டர் விட்டமுள்ள, நாணலும் புல்லும் மரவுரியுமான அந்தப் பெரிய வட்ட வீட்டில் நான்கு கபாகாக்கள் புதைக்கப்பட்டிருந்தார்கள். 2001 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். மறுநாள் பார்க்க வந்த குடியரசுத் தலைவரை மக்கள் மறித்தார்கள். படையினர் சுட்டதில் உயிர்கள் போயின.

மறுபடி கட்ட ஆண்டுக்கணக்கில் ஆனது. நான் போனபோது வேலை நடந்துகொண்டிருந்தது. வாசல் வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் விட்டார்கள். தாமதம் ஏன் என்று கேட்டால் ஒருவர் பணம் என்றார், ஒருவர் அரசியல் என்றார், இன்னொருவர் சரியான வயதுடைய புல் கிடைக்கவில்லை என்றார். கொலோபஸ் குலத்தார் தவிர வேறு யாரும் வேயக் கூடாது. உள்ளே கூரையைத் தாங்கும் வளையங்கள் 52, குலத்துக்கு ஒன்று. வேயும் நாட்களில் பெண்கள் அந்தப் பக்கம் வரக் கூடாது என்ற விதியும் உண்டு. ஆனால் அந்தக் கல்லறைகளின் தலைமைக் காவலர் ஓர் இளவரசி. உள்ளே முறைவைத்து இருந்து பார்த்துக்கொள்பவர்களும் மன்னர்களின் மனைவியர் வழிவந்த பெண்கள்தான். 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ கசூபியை ஆபத்தில் இருக்கும் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது.

நிலத்தின் கதை மட்டும் நீக்கப்படாமல் இருக்கிறது. 1900இல் போன 9,000 சதுர மைலைத் திருப்பித் தரச் சொல்லிப் புகாண்டா இன்றும் கேட்கிறது. திரும்பக் கிடைத்த அரச நிலத்தில் குடியிருப்பவர்களிடம் கபாகாவின் நில வாரியம் நில வாடகை வாங்குகிறது. 2017இல் அந்த வாரியம், கட்டணம் கட்டினால் 49 ஆண்டுக் குத்தகைப் பத்திரம் கையில் தருகிறோம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, மன்னர் தன் குடிகளுக்கே நிலத்தை விற்கிறாரா என்று பலர் கொதித்தார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவரின் அப்பா வீடு அப்படிப்பட்ட நிலத்தில்தான் இருந்தது. மதிய உணவு நேரம் முழுக்க அந்தக் கட்டணத்தைத் திட்டித் தீர்த்தார். பத்திரத்துக்காகத் தம்பிகளிடம் பணம் கேட்டு நடந்த சண்டையையும் சொன்னார். வாரியத்தைக் கபாகா கவனிக்க வேண்டாமா என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. வாரியம் வேறு, கபாகா வேறு என்றார். ஏப்ரலில் கபாகாவின் பிறந்தநாளுக்கு ஊரே ஓடும் ஓட்டம் ஒன்று உண்டு. சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போகும்போது, அதற்கான சட்டை இன்னும் வாங்கவில்லையா, தீர்ந்துவிடப் போகிறது என்று என்னைக் கடிந்துகொண்டார்.